மழைக்காலத்துக்கு நிறுத்தி வைக்கும் பழைய கார்: பெயிண்டைக் காப்பது எப்படி?

2008 நவம்பரில் நிஷா புயல் மழை கொட்டியபோது எங்கள் வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போர்டிகோவில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்தது. நான்கு மூலையிலும் கயிறு போட்டுக் காற்றுகூடப் புகாதபடி இறுக்கிக் கட்டியது நான்தான். ஒரு சொட்டு மழைகூட உள்ளே போகவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு தார்ப்பாயை உருவினால், பானெட் முழுக்கப் பால் தெளித்தாற்போல் வெண்படலம். இடப்பக்க மட்கார்டில் கடுகு கடுகாகக் கொப்புளங்கள். தடவிப் பார்த்தால் உப்புத்தாளைத் தொடுவதுபோல் இருந்தது. புதுப்பேட்டையில் பெயிண்ட் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினார். உள்ளே ஈரம். “மழையில விட்டிருந்தாக்கூட இவ்ளோ ஆயிருக்காது சார். தண்ணி போக வழியில்லாம மூடி வெச்சுட்டீங்க” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறப்பதற்குள் வண்டியை நிறுத்தி, தை மாதம் வெளியே எடுக்கிறேன். அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வரியை வைத்துத்தான் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டேன். அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு, கன்டெஸா என்று ஏதாவது ஒன்று உங்கள் பொறுப்பில் வந்திருந்தால், முதல் முறையாக அதைச் சில மாதங்கள் நிறுத்தி வைக்கப்போகிறீர்கள் என்றால், இது உங்களுக்காக எழுதியது. சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இன்ஜின், டயர் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயிண்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

மழையே படாத ஷெட்டிலும் கார் நனையும். கணக்கு இதுதான்: காற்று 30 டிகிரி செல்சியஸில், ஈரப்பதம் 80 விழுக்காட்டில் இருந்தால், 26 டிகிரியோ அதற்குக் குறைவாகவோ குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று நீராகப் படியும். மழை பெய்த இரவில் தகரம் நன்றாகக் குளிர்ந்திருக்கும். காலையில் வெதுவெதுப்பான ஈரக் காற்று உள்ளே வந்ததும் காரின் மேல் வியர்வை மாதிரி பூக்கும். உறை காற்றுப் போக விடுவதாக இருந்தால் மதியத்துக்குள் அது காய்ந்துவிடும். தார்ப்பாய் என்றால் அங்கேயே நிற்கும். நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில்.

இரண்டாவது காரணம் உப்பு. சாதாரண உப்பு, ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகக் கரையும். நம் வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்த்துப்போவது அதனால்தான். திருவான்மியூரிலோ சாந்தோமிலோ நிற்கும் காரின் மேல் கடற்காற்று கொண்டுவந்த உப்பு கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். அதைக் கழுவாமல் மூடினால் ஒவ்வொரு இரவும் அந்த உப்பு தன் பங்குக்குத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும்.

பெயிண்ட் என்பது கண்ணாடி மாதிரி முழுக்க அடைபட்ட பொருள் இல்லை. நீராவி அதன் ஊடாக மெல்ல இறங்கும். பெயிண்டுக்கு அடியில் கொஞ்சம் உப்பு மாட்டியிருந்தால் (வியர்வைக் கை பட்ட இடம், உப்புத் தண்ணீர் ஊற்றி உப்புத்தாள் தேய்த்த இடம்) அந்த உப்பு மேலிருந்து தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். அதுதான் கொப்புளம். பட்டி (பள்ளம் நிரப்பிச் சமன்செய்யும் பூச்சு) நிறையப் போட்ட இடங்களில் இன்னும் மோசம், பட்டியே தண்ணீரைக் குடிக்கும். நம் வண்டிகளில் பட்டி போடாத மட்கார்டைக் காண்பது அரிது.

முதல் வேலை: உங்கள் காரில் இருப்பது என்ன பெயிண்ட்?

இது தெரியாமல் பாலிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள். இந்த வண்டிகளில் பொதுவாக மூன்றில் ஒன்று இருக்கும். தின்னர் ஆவியாகிக் காய்ந்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், காற்றில் மெல்ல இறுகும் எனாமல், ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்). முதல் இரண்டும் மென்மையானவை. பெரும்பாலும் மேலே கிளியர் கோட் (நிறமில்லாத காப்புப் பூச்சு) இருக்காது. பி.யூ. கெட்டி, அதில் கிளியர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கிளியர் உண்டா என்று பார்க்க, டிக்கி ஓரம் போல மறைவான இடத்தில் லேசான பாலிஷைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் கிளியர் இல்லை. வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். என்.சி.யா என்று அறிய, கதவின் உள்விளிம்பில் காது குடையும் பஞ்சில் ஒரு சொட்டு தின்னர் தொட்டு வையுங்கள். என்.சி. உடனே கரைந்து ஒட்டும். எனாமல் கொஞ்ச நேரம் கழித்து இளகும் அல்லது சுருங்கும். நன்றாக இறுகிய பி.யூ. ஏறக்குறைய அப்படியே இருக்கும். தெரிந்ததும் ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், கிளியர் இல்லாத பெயிண்டில் நீங்கள் தேய்க்கும் ஒவ்வொரு தேய்ப்பும் நிறத்தையே எடுக்கிறது. ஐம்பது வருடமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் ரப்பிங் பாலிஷ் போட்ட பத்மினியின் பானெட் விளிம்பில் பிரைமர் எட்டிப் பார்ப்பது அதனால்தான். கதவு மடிப்பு, மட்கார்டு விளிம்பு போன்ற கூரான இடங்களில் பெயிண்ட் எப்போதும் மெலிதாகவே நிற்கும். அங்கே கையை அடக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: வண்டிக்கு இப்போதுதான் பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள் என்றால் உடனே மெழுகு போட்டு மூடி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும். பெயிண்டரிடம் கேளுங்கள், பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை மெழுகு வேண்டாம் என்பார்கள். மழைக்குச் சற்று முன்பு பெயிண்ட் அடிக்கும் திட்டத்தையே தவிர்ப்பது நல்லது. மாசி, பங்குனியில் அடியுங்கள்.

இடம்

மூன்று பக்கச் சுவரும் உயர்ந்த கூரையும் எதிரெதிரே இரண்டு காற்றோட்டத் திறப்பும் உள்ள ஷெட் கிடைத்தால் பாக்கியம். எல்லோருக்கும் அது வாய்க்காது. அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளப் பார்க்கிங்தான் என்றால், நிறுத்தும் முன் மேலே அண்ணாந்து பாருங்கள். கான்கிரீட் தளத்தில் வெள்ளைக் கோடுகள் இறங்கியிருக்கிறதா? அந்த இடத்தில் மழைநீர் சிமெண்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டும். காய்ந்தால் பெயிண்டை அரிக்கும். வெள்ளைத் தழும்பு விழுந்துவிடும். கழிவுநீர்க் குழாய் இணைப்புக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

மரத்தடி நிழலை நம்பாதீர்கள். மாமரம் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி பிசுபிசுவென்று தேன் போல ஒன்றைச் சொரியும், அதன் மேல் கரும்பூசணம் பிடிக்கும். மாங்காய்ப் பால் பட்டால் பெயிண்டில் தழும்பாகும். தென்னையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்த எவரும் மழைக்காலத்தில் மரத்தடியில் வண்டியை நிறுத்தத் துணிய மாட்டார்கள்.

தரை முக்கியம். மண்தரையும் புல்தரையும் கீழிருந்து ஓயாமல் ஈரத்தை அனுப்பும். சிமெண்ட் தரையும் ஈரம் விடும், குறைவாக. தடித்த பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து, அதன் மேல் பிளைவுட் போட்டு வண்டியை ஏற்றுங்கள். பாலித்தீன் தரைக்குத்தான், காரின் மேல் அல்ல.

வெள்ளம் வரும் பகுதி என்றால் பெயிண்டைப் பற்றி யோசிக்கும் முன் உயரத்தைப் பற்றி யோசியுங்கள். 2015லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளத்தில் நின்ற வண்டிகள் எந்த நிலைக்குப் போயின என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டுவது வேறு வழியில்லாமல்தான். பழைய காரை அந்த நேரத்தில் கிளப்ப முடியாமல் போகலாம்; ஆகவே அக்டோபர் முதல் வாரத்திலேயே மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டில் இடம் கேட்டுவிடுங்கள்.

கழுவுதல்: இதில் அவசரம் வேண்டாம்

வெயில் சாய்ந்த பிறகோ காலையிலோ, தகரம் தொட்டால் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். முதலில் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான். மெட்ரோ தண்ணீரோ, பிடித்து வைத்த மழைநீரோ போதும். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சேர்த்துக் கார் கழுவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. அதைக் கழிவறைக்குப் பயன்படுத்துங்கள், காருக்கு வேண்டாம். முழுக்கவும் நல்ல தண்ணீரில் கழுவ வசதியில்லை என்றால், கடைசியாக அலசும் இரண்டு பக்கெட்டாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

மேலே தண்ணீரை நிறைய விட்டு மணலையும் தூசியையும் இறக்கிய பிறகே துணி படலாம். இரண்டு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசி, பிறகுதான் மீண்டும் ஷாம்புவில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கர வளைவுக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் சோப்பும் துணி சோப்புத்தூளும் வேண்டாம். அவை முன்பு போட்ட மெழுகை உரித்துவிடும், பீடிங் ரப்பரையும் காய வைக்கும்.

ஆயுத பூஜையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது வருவது வண்டியை நிறுத்தி வைப்பதற்குச் சற்று முன்னால். பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பது நமக்கு மரியாதை, அதை விட வேண்டாம். ஆனால் கிளியர் இல்லாத வெளிர்நிற எனாமலில் குங்குமச் சாயம் இறங்கினால் எளிதில் போகாது. நான் முன் கண்ணாடியில் சந்தனம் வைக்கிறேன், பூசணிக்காயை வண்டியிலிருந்து தள்ளி உடைக்கிறேன். எலுமிச்சைச் சாறும் பூசணிச் சிவப்பும் தெறித்திருந்தால் அன்றே நீர்விட்டுக் கழுவிவிடுங்கள். மாலையை ஒட்டிய டேப்பைப் பிய்த்து அதன் பசையையும் எடுங்கள். பம்பரில் கட்டிய திருஷ்டிக் கயிறு மூன்று மாதம் ஈரத்தை வைத்துக்கொண்டு குரோமியத்தோடு ஒட்டிக் கிடக்கும். மூடும் முன் அவிழ்த்து, தை பிறந்ததும் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

மேல்புறம் மின்னினால் போதாது. பெயிண்ட் உள்ளிருந்தும் சாகும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். இலையும் மண்ணும் அடைத்திருந்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, துரு உள்ளிருந்து பெயிண்டைத் தூக்கும். மரக்குச்சியால் ஒவ்வொரு துளையையும் திறந்துவிடுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் திறப்பு, டிக்கித் தரை, ஸ்டெப்னி வைக்கும் குழி, மட்கார்டின் உள்மடிப்பு எல்லாவற்றிலும் சேறு எடுங்கள். ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அந்த வண்டியின் பாடி தனித்தனிப் பகுதிகளாகச் சேஸிமேல் போல்ட் போட்டு இணைத்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். இணைப்பு வரிகளில் தண்ணீர் தங்கும். முன்பக்கத்தைச் சாய்த்து வைத்துவிட்டு உள்விளிம்பையும் கழுவுங்கள்.

காயவைத்தல்

துணியால் துடைத்தால் வேலை முடிந்துவிடாது. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு வாருங்கள். கண்ணாடிப் பீடிங்கிலும் கைப்பிடிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் காற்றில் வெளியே வரும். திரும்பி வந்து மீண்டும் ஒற்றுங்கள். கதவு, பானெட், டிக்கி மூன்றையும் திறந்து வைத்து ஒரு முழு மதியம் ஆறவிடுங்கள். ஓட்டும் நிலையில் இல்லாத வண்டிக்கு மேசை விசிறி இரண்டு வைத்தால் போதும்.

காய்ந்ததும் சுற்றி வந்து கல்லடித் தழும்புகளைப் பாருங்கள். தகரம் தெரியும் இடம் ஒன்றுகூட இல்லாமல், முதலில் துருவைச் சுரண்டி, கொஞ்சம் பிரைமர், பிறகு டச்-அப். நிறம் கொஞ்சம் ஒத்துப் போகாவிட்டாலும் பரவாயில்லை. அழகு தை மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது தகரத்தை மூடுவதுதான் வேலை.

மெழுகு

கார்னோபா என்பது பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. இயற்கை மெழுகுகளில் மிகக் கெட்டியானது, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். பழைய எனாமலுக்கும் என்.சி.க்கும் நான் கார்னோபா கலந்த மெழுகைத்தான் சொல்வேன். செயற்கை சீலண்டுகள் இன்னும் நீண்ட நாள் நிற்கும், பி.யூ. பெயிண்டில் தாராளமாகப் போடலாம். இப்போது எங்கு போனாலும் செராமிக் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். இறுகியபின் அதை எடுக்கத் தேய்த்தாக வேண்டும். தேய்ப்பதற்கு நம் வண்டிகளில் பெயிண்ட் மிச்சமில்லை. அசல் பெயிண்ட் இருக்கும் வண்டியில் செராமிக் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

நிழலில், குளிர்ந்த தகரத்தில், ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். கை வழிய எடுக்காமல் மெலிதாகத் தடவுங்கள். தடித்துப் போட்டால் கூடுதல் காப்பு ஒன்றும் கிடைக்காது. கதவு விளிம்பு, பானெட்டின் உள்மடிப்பு, டிக்கியின் உதடு, பெட்ரோல் மூடியின் உட்புறம் என எல்லோரும் மறக்கும் இடங்களில்தான் துரு முதலில் தொடங்கும். அங்கே கட்டாயம் தடவுங்கள். மறுநாள் இன்னொரு பூச்சு. பீடிங் இடுக்கில் வெள்ளையாகத் தங்கும் மெழுகைப் பல் துலக்கும் மென்மையான பிரஷால் எடுத்துவிடுங்கள். மெழுகைத் துடைக்காமல் அப்படியே விட்டால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது தூசியோடு சேர்ந்து இறுகி, எடுக்கும்போது பெயிண்டைக் கீறும்.

மண்ணெண்ணெய், டீசல், தேங்காய் எண்ணெய் எதையும் தடவாதீர்கள். அன்று மாலை மின்னும். மறுவாரம் தெருப் புழுதி முழுக்க அதில் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயும் டீசலும் கதவு ரப்பரை உப்ப வைக்கும். சிலிகான் ஸ்பிரேயும் வேண்டாம். பின்னாளில் அந்தப் பகுதிக்குப் பெயிண்ட் அடித்தால் மீன்கண் மாதிரி குழி குழியாக விழும், பெயிண்டர் உங்களைத்தான் திட்டுவார்.

நிறுத்தும் நாள்

பிரேக் ஆயில் பெயிண்டை உரிக்கும் திரவம் என்பதை நினைவில் வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால், அதற்குக் கீழே உள்ள தகரம் சில வாரங்களில் வெறுமையாகிவிடும். கசிவு இருந்தால் நிறுத்தும் முன் சரிசெய்யுங்கள். தெறித்திருந்தால் துடைக்காதீர்கள், தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். சார்ஜ் போடும்போது வரும் அமிலப் புகை பேட்டரித் தட்டின் பெயிண்டைத் தின்னும். கதவு ரப்பரில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் பெயிண்டோடு ஒட்டாது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இன்ஜினை ஓட விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓட்டினால் அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். மூடிய ஷெட்டில் குளிர்ந்த இன்ஜின் விடும் புகையில் நிறைய நீராவி இருக்கிறது.

உறை

என் தவறு நடந்த இடம் இது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூரைக்கு அடியில் நிற்கும் காருக்கு உறையின் வேலை தூசியையும் பல்லியையும் பூனையையும் தடுப்பது மட்டும்தான். தண்ணீரைத் தடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பருத்தித் துணியே சிறந்தது. கடையில் வாங்கும் உறை கட்டுப்படியாகவில்லை என்றால் நான்கைந்து பழைய வெள்ளை வேட்டிகளை இணைத்துத் தையல்காரரிடம் தைத்துக்கொள்ளுங்கள். துவைத்துத் துவைத்து மெதுவான வேட்டியைவிடப் பெயிண்டுக்கு இதமான துணி இல்லை. கரையை வெட்டி எடுத்துவிட வேண்டும்: சாயக்கரை ஈரத்தில் நிறம் விடும், ஜரிகைக் கரை கீறும். பழைய சேலைகள் வேண்டாம் என்பதும் சாயத்துக்காகத்தான். தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். பொத்தான், கொக்கி எதுவும் உள்ளே வரக்கூடாது.

துணி காற்று விடுகிறதா என்று சோதிக்க எளிய வழி: உதட்டோடு வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று உணரப்பட வேண்டும்.

திறந்த வெளியில் நிற்கும் கார் என்றால் பாடு அதிகம். மழையைத் தடுக்கும், நீராவியை வெளியே விடும், பல அடுக்கு உறைகள் கிடைக்கின்றன. உள்பக்கம் மென்மையான பஞ்சுத் துணி இருப்பதாகப் பாருங்கள். ஆனால் எவ்வளவு நல்ல உறையும் தொடர்மழையில் கடைசியில் நனையும். அதோடு காற்றில் படபடக்கும் உறை, இடையில் மாட்டிய தூசியோடு சேர்ந்து உப்புத்தாள் வேலையைச் செய்யும். அதனால், தார்ப்பாயைக் காருக்குப் போடாமல் கொட்டகைக்குப் போடுங்கள். நான்கு சவுக்குக் கம்பு நட்டு, காரின் கூரைக்கு இரண்டடியாவது மேலே சரிவாகத் தார்ப்பாயைக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். அதற்கு அடியில் காருக்குப் பருத்தி உறை. நான் பார்த்தவரை விலை கொடுத்து வாங்கும் எந்த உறையையும்விட இது மேல்.

உறைமேல் கயிறு போட்டு இறுக்காதீர்கள். கயிறு அழுத்தும் வரியில் பெயிண்ட் தேயும். காருக்கு அடியில் போகும் பட்டையால் இரு பக்க ஓரங்களையும் இணைத்தால் போதும். உறைமேல் செருப்பு, டியூப், குழந்தையின் சைக்கிள் எதையும் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். ரப்பர் கறை பெயிண்டுக்குள் இறங்கினால் பாலிஷிலும் போகாது.

தீபாவளி வாரம் தனிக் கவனம் வேண்டும். பறந்து வரும் தீப்பொறி நைலான் உறையை உருக்கி, அது பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியோ கனன்று எரியும். அந்த இரண்டு நாளும் வண்டியை உள்ளே தள்ளி ஷெட் கதவைச் சாத்துங்கள். திறந்தவெளி என்றால் பக்கத்தில் வாளியில் தண்ணீரோடு ஒருவர் இருக்கட்டும். உறைமேல் படிந்த வெடிமருந்துச் சாம்பலைத் தட்டாதீர்கள், உறையைக் கழற்றித் துவைத்துப் போடுங்கள்.

இடையிடையே

பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மழை விட்டுக் காற்றடிக்கும் ஒரு பகலில், உறையை முழுக்க எடுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. ஷெட்டில் ஒன்று மாட்டுங்கள். உள்ளே வெளியைவிட ஈரம் அதிகம் என்றால் கதவைத் திறந்து விசிறி போடுங்கள். வெளியே கொட்டுகிறது என்றால் சாத்தியே வையுங்கள். நன்றாக அடைபடும் ஷெட் இருந்து, மின்செலவு தாங்கும் என்றால், ஈரம் உறிஞ்சும் மிஷின் வாங்கி 50 விழுக்காட்டுக்கு அருகில் வைக்கலாம். திறந்த போர்டிகோவில் அது வீண். சிலிகா ஜெல் பைகளைக் காருக்குள் வைக்கலாம், பெயிண்டுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

பல்லி எச்சத்தைக் கண்டால் தேய்க்காதீர்கள். அதில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம், காக்கை எச்சத்தில் இருப்பதும் அதுதான். ஈரப்பஞ்சை அதன் மேல் பத்து நிமிடம் வைத்து, ஊறியதும் அப்படியே தூக்கி எடுங்கள். பிறகு அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு மெழுகு. மட்கார்டு வளைவில் குளவி கட்டிய மண்கூட்டையும் இப்படியே ஊறவைத்து எடுக்க வேண்டும், சுரண்டினால் மண் கீறும். கான்கிரீட் கசிவு சொட்டியிருந்தால் உடனே தண்ணீர் விடுங்கள். காய்ந்து வெளுத்துவிட்டால், வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துச் சில நிமிடம் வைத்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். முதலில் மறைவான இடத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

வெளியே எடுக்கும் நாள்

உறையை இழுத்து உருவாதீர்கள். மேலே படிந்த தூசி உள்ளே கொட்டாதபடி இரு பக்கமிருந்தும் நடுவுக்கு மடித்து, முன்னிருந்து பின்னாகச் சுருட்டி, இரண்டு பேராகத் தூக்குங்கள். காரின் மேல் தூசி இருந்தால் உலர்ந்த துணியால் தொடவே வேண்டாம், முதலில் தண்ணீர். வெண்படலம் தெரிந்தால் பதறிப்போய் ரப்பிங் காம்பவுண்டை எடுக்காதீர்கள். வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஈரத்தால் வந்த மங்கல் பல நேரம் தானாகவே தெளியும். என் ஹெரால்டின் பானெட் அப்படித்தான் பாதி தெளிந்தது. மட்கார்டுக் கொப்புளங்கள் போகவில்லை. அந்தப் பகுதியைத் தகரம் வரை எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. அப்போது அந்தப் பெரியவர் போர் தண்ணீரைத் தொடாமல், கேன் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு உப்புத்தாள் தேய்த்தார்.

உறையைத் துவைத்து வெயிலில் முறுகக் காயவைத்து மடிக்கும்போது, துணியில் ‘முன்பக்கம்’, ‘உள்பக்கம்’ என்று நூலால் தைத்து வையுங்கள். மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள், அந்த மை பெயிண்டில் இறங்கும்.